போடிமெட்டு ஏறிய கடல்

போடிநாயக்கனூருக்கு மேற்கே எழுந்து நிற்கும் மலையில் கடலுக்கு இடமே இருக்கவில்லை. அந்த மலையின் கல்லுக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர் சார்னோக்கைட். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் கருங்கல். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் 800 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் வெந்து இறுகிய கல் அது. அந்தச் சூட்டில் எந்த உயிரின் தடமும் தப்பிப் பிழைக்காது. அன்றைக்கு ஓடு கட்டி வாழ்ந்த பிராணிகளும் உலகத்தில் அபூர்வம். நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு இடம் தேடிய விஞ்ஞானிகளின் கண் பொட்டிப்புரத்து மலைமேல் விழுந்ததற்கே, அடுக்கடுக்காக இல்லாத இந்தக் கெட்டிக் கல்தான் ஒரு காரணம். (அந்தத் திட்டம் எதிர்ப்பில் சிக்கியது தனிக்கதை.) குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடை ஓடையாகச் சல்லடை போட்டாலும் கல்லுக்குள் ஒரு கிளிஞ்சல் அகப்படாது. ஆனாலும் இதே சரிவுகளில் கோடிக்கணக்கான ஆண்டு பழைய கடல் சிப்பிகள் டன் டன்னாக ஏறி உட்கார்ந்தன. ஏலத்தோட்டங்களுக்கு நடுவே, போடிமெட்டுச் சாலையின் வளைவுகளில், ஓடைகளின் குறுக்கே என்று எங்கும் பரவின. அவை வந்த வழி, வடகிழக்கே 200 கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு பொட்டல் வெளியில் தொடங்கியது.

சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை அங்கேயும் கடல் கிடையாது. தமிழகத்தின் கிழக்கு ஓரம் அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்தது. கோண்டுவானா என்ற பெருநிலம் உடையத் தொடங்கியபோது அந்த ஒட்டு பிரிந்தது. பிரிந்த ஓரம் பள்ளம் பள்ளமாக இறங்கியது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன், பள்ளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. இன்றைய கடற்கரையிலிருந்து 100 கிலோமீட்டர் உள்ளே, இப்போது பெரம்பலூர் மாவட்டத்தின் மானாவாரிக் காடுகள் இருக்கும் இடத்தில் அலை அடித்தது. வந்த கடல் சும்மா வரவில்லை.

முதலில் கரையோரமாகப் பவளப் பாறைகள் வளர்ந்தன. பிறகு கடல் ஆழமாயிற்று, சேறு படிந்தது. அந்தச் சேற்றுக்கு மேலே அம்மோனைட்டுகள் நீந்தித் திரிந்தன: கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் பங்காளிகள், ஆனால் ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட ஓட்டுக்குள் குடியிருந்தவை. செத்தவை அடியில் விழுந்தன, மேலே சேறு மூடியது, அதன்மேல் இன்னும் சேறு. மேற்கே நிலத்தில் ஒரு வெள்ளம் ஊசியிலை இனத்துப் பெருமரம் ஒன்றை வேரோடு சாய்த்து, கடலுக்குள் கொண்டுவந்து புதைத்தது. மரத்தின் ஒவ்வொரு நாராகச் சிலிக்கா இடம் பிடித்தது. பின்னால் ஓரிடத்தில் சங்கும் சிப்பியும் நெருக்கியடித்துக் குவிந்து ஒரே பாறையாயின. கடைசிக் கட்டத்தில், கடல் ஆழம் குறைந்து கிடந்த நாட்களில், உள்ளங்கை அகலச் சிப்பிகள் தலைமுறை தலைமுறையாக ஒன்றின்மேல் ஒன்று படிந்து கெட்டியான சுண்ணாம்புப் படுகையாயின. கடல் பின்வாங்கிய ஓரத்தில் ஆற்று மணலில் டைனோசர்கள் நடந்தன. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோப் பக்கம் விழுந்த விண்கல் உலகத்தின் கணக்கையே மாற்றிவிட்டது. டைனோசர்கள் முடிந்தன, அம்மோனைட்டுகளும் முடிந்தன. அதற்குப் பிறகு இங்கே படிந்த நின்னியூர்ச் சுண்ணாம்பில் ஓர் அம்மோனைட்கூடக் கிடையாது. கடல் கிழக்கே போய்விட்டது. தான் விட்டுப்போன சொத்தைக் கேட்க அது திரும்பி வரவேயில்லை. வேறு ஆட்கள் வந்தார்கள்.

1840-களின் தொடக்கம். சென்னை மாகாணத்தின் சிவில் சர்வீஸில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு வேலை நிர்வாகம், ஆசை கல். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி என்று மூன்று வட்டாரங்களில் பொறுக்கிய சங்குக் கற்களை லண்டனுக்குக் கொண்டு சேர்த்தார்கள். அங்கே அவற்றைப் பிரித்துப் பார்த்தவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ்; கடல் உயிரினங்களில் கரைகண்ட இளைஞர். தென்னிந்தியாவில் இப்படி ஒரு கடல் இருந்ததாக அதுவரை யாரும் தெளிவாகச் சொன்னதில்லை. 1846-இல் அவருடைய அறிக்கை அச்சானது. இங்கிலாந்திலும் பிரான்சிலும் சுண்ணக்கட்டிக் குன்றுகளை உருவாக்கிய கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தவையே இந்தக் கற்களும் என்றார் அவர். அதில் குறையில்லை. மூன்று வட்டாரங்களில் எது மூத்தது, எது இளையது என்று வரிசைப்படுத்தியதில்தான் சறுக்கினார். புதுச்சேரிக் கற்களே எல்லாவற்றிலும் மூத்தவை என்று எழுதிவிட்டார்.

பாரிஸிலிருந்து டோர்பிஞி என்ற தொல்லுயிரியலாளர் மறுத்தார். புதுச்சேரிப் படிவங்கள் கிரெட்டேசியஸின் கடைசிக் காலத்தைச் சேர்ந்தவை என்பது அவர் கட்சி. ஒரே சங்குக்கு இரண்டு வயது! லண்டனிலும் பாரிஸிலும் மேசைமேல் கல்லை வைத்துக்கொண்டு வழக்காடினால் தீராத வழக்கு அது. எந்தப் பாறைக்கு மேலே எந்தப் பாறை படிந்திருக்கிறது என்று வெயிலில் நடந்து பார்க்க ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த, இருபதுகளில் இருந்த இளைஞர். 1850-களின் பிற்பகுதியில் தென்னார்க்காடு, திருச்சி ஜில்லாக்களின் இந்தப் பகுதியை அளந்து வரைபடம் போட்டார். காரை கிராமத்தைச் சுற்றி மழைநீர் அறுத்து அறுத்து நரம்பு நரம்பாகக் கிடக்கும் களிமண் மேடுகள், புல் முளைக்காத வெளி. சித்திரை வெயிலில் இன்றைக்கும் அங்கே அரை மணி நேரம் நின்றாலே தலை கிறுகிறுக்கும். ஆனால் கல்லுக்குள் மறைந்திருக்கும் கதை தெரிய அதைவிட நல்ல இடம் கிடையாது. மழை தானே தோண்டிக் கொடுத்துவிடுகிறது. பாறைகளை மூன்று குழுவாகப் பிரித்தார் பிளான்ஃபோர்ட். அடியில் ஊட்டத்தூர், நடுவில் திருச்சிராப்பள்ளி, உச்சியில் அரியலூர். 1862-இல் அவருடைய பெரிய அறிக்கை வெளிவந்தது. அந்த மூன்று பெயர்களை 160 ஆண்டுகளாக யாரும் அசைக்கவில்லை. அசைந்தது பிளான்ஃபோர்டின் உடம்புதான்.

வெயிலிலும் கூடாரத்திலும் உடல்நலம் கெட்டு, அதே 1862-இல் புவியியல் வேலையை விட்டார். அப்படி விட்டதில் இந்தியாவுக்கு வேறொரு லாபம்: 1875-இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவர் இவர்தான். தரைக்கு அடியில் இருப்பதைப் பார்த்தவர் வானத்தைப் பார்க்கப் போய்விட்டார். கல்கத்தாவில் மரப்பெட்டிகளில் குவிந்து கிடந்த ஆயிரக்கணக்கான அரியலூர்ச் சங்குகளை யார் தலையில் கட்டுவது?

அந்தப் பாரம் மொராவியாவிலிருந்து கப்பலேறி வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்காவின் தலையில் விழுந்தது. 1862-இல் கல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது 24. அடுத்த பத்தாண்டில் அம்மோனைட்டுகள், நத்தைகள், சிப்பிகள், பவளங்கள், கடல் முள்ளெலிகள் என்று இனம் இனமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் படமும் விளக்கமும் கொடுத்துத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். இடையிடையே இமயமலைக்கும் ஓடினார். 1873-இல் தென்னிந்தியக் கடலின் கடைசிப் பகுதி அச்சானது. அந்த வருடமே யார்கண்டுக்குப் போன தூதுக்குழுவோடு புறப்பட்டவர் திரும்பவில்லை. 1874 ஜூன் 19 அன்று, காரகோரம் கணவாயைத் தாண்டி லடாக்குக்கு இறங்கும் வழியில் முர்கோ என்ற இடத்தில், மூச்சுக்குத் திணறி உயிர்விட்டார், வயது 36. லே நகரத்தில் புதைத்தார்கள். ஆழம் குறைந்த ஒரு வெப்பக் கடலின் உயிர்களையெல்லாம் உலகத்துக்கு அறிமுகம் செய்தவருடைய கல்லறை பனிமலையில் அமைந்தது. அவருடைய தொகுதிகள் இன்றும் மேற்கோளாகின்றன. ஆனால் அந்தப் படங்களைப் புரட்டிய யாருக்கும் அவற்றில் காசு இருப்பதாகத் தோன்றவில்லை.

கொஞ்சம் காசு பார்த்தது ஒரே ஒரு பாறைதான். கருடமங்கலத்துச் சங்குக் கல். மெருகேற்றினால் கருஞ்சாம்பல் நிறத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுருள்கள் பளிச்சிடும். ‘திருச்சினாப்பள்ளி மார்பிள்’ என்ற பெயரில் அது அலங்காரக் கல்லாகி, வசதி படைத்த வீடுகளின் மேசைக்குப் போனது. கிரெட்டேசியஸ் கடலின்மேல் முழங்கையை ஊன்றிக் காபி குடித்தவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்! பெரிய பணம் வேறு வடிவத்தில் காத்திருந்தது. அதைத் தேடியவர்கள் முதலில் தவறான கடலுக்குப் போனார்கள்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் ஒரு பொடிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டு அரைத்த பொடி. தண்ணீர் பட்டால் கல்லாகிவிடும். அது பீப்பாய்களில் அடைபட்டுக் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. விலை அதிகம். தமிழகத்தின் சாதாரணக் கொத்தனாருக்கு அதுவரை தெரிந்ததெல்லாம் சுண்ணாம்புக் காரைதான். கடற்கரைக் கிளிஞ்சலையோ தரைச் சுண்ணாம்பையோ காளவாசலில் சுட்டு, நீற்றி, மணலோடு செக்கில் அரைத்துப் பூசுவது. போடி ஜமீன் அரண்மனையின் ஓவியங்கள் காலம் கடந்து நின்றது அப்படிப்பட்ட சாந்தின் மேல்தான். 1904-இல் சென்னையில் ஒரு நிறுவனம் துணிந்து, வெளிநாட்டுப் பொடியை இங்கேயே செய்யத் தொழிற்சாலை தொடங்கியது. மூலப்பொருள்? கடற்கரைக் கிளிஞ்சல். இந்தியாவின் தொடக்க முயற்சிகளில் ஒன்று அது. தோற்றுப்போனது.

வெற்றி 1914-இல் குஜராத்தின் போர்பந்தருக்குப் போயிற்று. சென்னைக்காரர்கள் கிளிஞ்சலுக்காகக் கடற்கரையை நம்பிய நாட்களில், உள்நாட்டில் கடலே இல்லாத ஊரில், மலை மலையாகக் கிளிஞ்சல் பாறை கிடந்தது. பிளான்ஃபோர்டின் வரைபடத்தில் வண்ணம் தீட்டியே காட்டியிருந்தது. வரைபடத்தை விரித்துப் பார்க்க முதலாளிக்குத்தான் இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

1939-இல் திருச்சிக்கு வடக்கே, கல்லக்குடியில், டால்மியா நிறுவனத்தின் புகைபோக்கி எழுந்தது. அது உட்கார்ந்த இடம் ஊட்டத்தூர்க் குழுவின் பவளப் பாறை. கடல் முதன்முதலாக உள்ளே வந்தபோது கரையோரம் வளர்ந்ததே, அது. மறு வருடம் இன்னொரு அதிர்ஷ்டம். தஞ்சை மாவட்டத்துக்காரரான புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் சாத்தனூர் ஓடையில் ஒரு கல் தூணைக் கண்டார். தூண் இல்லை, மரம். அன்று வெள்ளம் சாய்த்துக் கடலில் புதைத்த அதே வகை மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருந்தது. கிருஷ்ணன் 1951-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். மரத்துக்குத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்ற தகுதியும் வேலியும் கிடைத்தன. அந்த மரம் சுண்ணாம்பாகாமல் சிலிக்காவானதும் ஒரு நல்ல காலம்தான். சூளைக்கு அது உதவாது. பவளப் பாறைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தொழிற்சாலையால் கல்லக்குடியின் பெயரே போயிற்று. ரயில் நிலையப் பலகையில் டால்மியாபுரம் ஏறியது. 1953 ஜூலை 15 அன்று மு. கருணாநிதியும் தோழர்களும் பலகையில் ‘கல்லக்குடி’ என்று ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தார்கள். தமிழக அரசியலில் அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்த சேதி. அவர்கள் படுத்த தண்டவாளத்துக்கு அடியில் இருந்த பவளக் கடலைப் பற்றி அன்றைய துண்டறிக்கைகளில் ஒரு வரி இருந்திருக்காது. நிலையத்துக்குப் பழைய பெயர் பின்னாளில் திரும்பியது. புவியியல் நூல்களில் மட்டும் அந்தப் பாறைக்குப் பெயர் இன்னமும் டால்மியாபுரம் படிவுதான். அங்கே போய்ப் படுக்க ஆள் இல்லை. அதற்குள் தோண்டும் கைகள் கிழக்கே நகரத் தொடங்கின.

அரியலூரைச் சுற்றிக் கிடந்தது கள்ளங்குறிச்சிச் சுண்ணாம்பு. உள்ளங்கை அகலச் சிப்பிகள் படிந்ததாகச் சொன்னோமே, அந்தப் படுகை. 1979-இல் தமிழ்நாடு அரசின் ஆலை அரியலூரில் உற்பத்தி தொடங்கியது. தனியார் ஆலைகளும் ஒவ்வொன்றாக வந்தன. சுரங்கச் சுவர்களில் சிப்பிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. உலகெங்கும் இருந்து ஆய்வாளர்கள் ஓடி வந்தார்கள். பிளான்ஃபோர்ட் மேலோட்டமாகப் பார்க்க முடிந்ததை இவர்கள் வெட்டுமுகமாகப் பார்த்தார்கள். காலையில் வெடி வைத்துத் திறந்த அதே பக்கம் சாயங்காலம் அரைவை எந்திரத்துக்குப் போனது. சுரங்கம் இல்லாவிட்டால் படிவங்கள் வெளியே வந்திருக்காது. சுரங்கத்தால் அவை வெளியே தங்கவும் இல்லை.

இடையில் ஒரு பேரதிர்ச்சி. 1980-களில் கல்லமேட்டில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் பூத எலும்புகளைக் கண்டதாக அறிவித்தார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர்! புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முதலில் அதை மாமிசம் தின்னும் இனம் என்று நினைத்தார்கள். பிறகுதான் நீளக் கழுத்துத் தாவர உண்ணி என்று திருத்தம் வந்தது. உலகத்திலேயே மிகப் பெரிய நிலவிலங்காக இருக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, சரிபார்க்க எலும்பைக் கேட்டார்கள். எலும்பு இல்லை. வெளியே எடுத்த எலும்புகள் நொறுங்கிப் போயிருந்தன. சில படங்களும் பழைய புகைப்படங்களும்தான் மிச்சம். அது எலும்பே இல்லை, சாத்தனூர் போலக் கல்மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. 2020-இல் பெரம்பலூர்ப் பக்கம் குளம் வெட்டியபோது கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று நம்பி ஊரே திரண்டது; அவை முட்டை இல்லை என்று புவியியலாளர்கள் சொல்லிவிட்டார்கள். டைனோசருக்குக் கூட்டம் கூடியது. சிப்பிக்குக் கூடவில்லை. ஆனால் ஊரை விட்டுக் கிளம்பிப் பயணம் போனது சிப்பிதான்.

அது போன வழி இதுதான். வெட்டிய சுண்ணாம்புக்கல் பொடியாகி, களிமண்ணோடு கலந்து, சுழலும் சூளைக்குள் 1,450 டிகிரி வரை காய்ந்தது. சிப்பி, முள்ளெலி, பவளம் என்ற உருவ வித்தியாசமெல்லாம் அங்கே அழிந்தது. அவை கடல்நீரிலிருந்து சேர்த்துவைத்த கால்சியம் மட்டும் தப்பியது. வெளியே வந்த கரிய உருண்டைகளோடு ஜிப்சம் சேர்த்து அரைத்தார்கள். காரை கிராமத்துக் களிமண்ணில் ஏடு ஏடாகப் பளபளக்கும் அதே வகைக் கனிமம். பொடி சட்டென்று இறுகாமல், கொத்தனாருக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுப்பது அதன் வேலை. பிறகு 50 கிலோ மூட்டை, லாரி, மதுரை, தேனி, போடி. கொண்டை ஊசி வளைவுகளில் முனகிக்கொண்டு ஏறிய லாரிகளில் மேலே போனது சிமெண்ட். போடியின் கான்கிரீட் கூரைகள், தோட்டத் தொழிலாளர் லயன்கள், காபி காயப்போடும் களங்கள், சாலையோரத் தடுப்புச் சுவர்கள், ஓடைத் தடுப்பணைகள் எல்லாவற்றிலும் இறுகி உட்கார்ந்தது. மலைச்சரிவில் கடல் ஏறிய கதை இவ்வளவுதான். சாதாரணப் போர்ட்லாண்ட் சிமெண்டில் ஒரு மூட்டைக்கு ஏறத்தாழ 70 கிலோ சுண்ணாம்புக்கல் கணக்காகிறது.

போடிக்கு ஏறிய மூட்டையெல்லாம் அரியலூர் மூட்டை என்று சொன்னால் விருதுநகர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்தப் பக்கத்து ஆலைகளின் சுண்ணாம்புக்கல், போடி மலையின் கல்லைப் போலவே ஆழத்தில் வெந்து உருமாறியது. அதில் எந்தச் சங்கையும் தேட முடியாது. அரியலூர் மூட்டைக்கு மட்டுமே இந்தப் பூர்வீகம்.

ஸ்டோலிக்ஸ்கா பெயர் சூட்டிய மூலப் படிவங்கள் கொல்கத்தாவில் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ளன. கேயும் கன்லிஃபும் அனுப்பியவை லண்டனில். அரியலூர் அருகே வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகம் வந்திருக்கிறது. நல்லது, ஆனால் சுரங்கத்தின் வேகத்துக்கு அது ஈடாகாது. இந்தக் கடலின் சிப்பிகளில் அலமாரிக்குப் போனவற்றைவிடச் சூளைக்குப் போனவைதான் பல மடங்கு அதிகம், இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன.